வந்த வழியில் போகாதீர்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு, பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்கள் பலர் கேட்டதால் முழுமையாகத் தருகிறோம். இந்த இதழை வெளியாரும் இணையத்தில் படிக்க முடியும் என்பதால் அவர் பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.)



மெயின்டெனன்ஸ், தண்ணீர் லாரி, விசிட்டர் பார்க்கிங் என்று ஒன்றரை மணி நேரமாகப் பேசிக் களைத்துப்போயிருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்க மாட்டேன். வங்கியின் பெயரில் வரும் போலி ஈமெயில்களைக் கண்டுகொள்வது எப்படி என்பது செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு. "சார், நீங்க முப்பத்து நாலு வருஷம் பேங்க்ல இருந்தவர். உங்களை விட்டா யார் பேசறது?" என்று கேட்டார்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. போன நவம்பரில் அப்படி ஒரு மெயிலில் நானே ஏமாந்தேன். 49,500 ரூபாய் போனது. என் மனைவி, மகள் தவிர இந்தக் குடியிருப்பில் யாருக்கும் இதுவரை தெரியாது. இன்று உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் என்றால் பென்ஷன்காரர்களுக்குத் தெரியும், லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கும் மாதம். அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் கிளைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் மனைவியின் முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுக் காத்திருந்தோம். போனில் ஒரு மெயில் வந்தது. என் வங்கியின் பெயர், அதே லோகோ, அதே நிறம். "உங்கள் லைஃப் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க முடியவில்லை. 24 மணி நேரத்துக்குள் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் இந்த மாதப் பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே ஒரு நீலப் பட்டன்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மூணு நாள் முன்னாலதானே கொடுத்தோம், கிளையில் யாரோ சரியாக ஏற்றவில்லை என்று நினைத்துக்கொண்டு பட்டனைத் தொட்டேன். வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறந்தது. யூசர் ஐடி, பாஸ்வேர்டு போட்டேன். ஓடிபி வந்தது. அதையும் போட்டேன். "ஓடிபி தவறு. புதிதாக வரும் எண்ணைப் போடவும்" என்றது. இன்னொன்று வந்தது. போட்டேன். மறுபடியும் தவறு என்றது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இப்போதெல்லாம் ஓடிபி வந்தால் அந்த எண் கீபோர்டுக்கு மேலேயே வந்து நிற்கிறது. அதைத் தொட்டால் போதும், எஸ்எம்எஸ்ஸைத் திறக்கவே வேண்டாம். நான் திறக்கவில்லை. மூன்றாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீயே பார்த்துப் போடு" என்று போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் எஸ்எம்எஸ்ஸைத் திறந்து முழுசாகப் படித்தாள். "என்னங்க, இதுல பணம் அனுப்பறதுக்குன்னு போட்டிருக்கே. லைஃப் சர்டிஃபிகேட்டுக்கு எதுக்குப் பணம்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் பழைய எஸ்எம்எஸ்களைப் பார்த்தேன். முதல் ஓடிபி என் கணக்குக்குள் நுழைவதற்கு. இரண்டாவது 49,500 ரூபாயை அனுப்புவதற்கு. மூன்றாவது, இன்னொரு 49,500க்கு. நான் அந்தப் போலிப் பக்கத்தில் எதைத் தட்டினேனோ, அதை யாரோ ஒருவர் அதே நிமிடத்தில் உண்மையான நெட் பேங்கிங்கில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "தவறு" என்று வந்ததே, அது என்னிடமிருந்து அடுத்த எண்ணை வாங்குவதற்காக.

லைஃப் சர்டிஃபிகேட் கொடுத்தது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர்களுக்குத் தெரியாது. நவம்பரில் ஆயிரக்கணக்கான பேருக்கு அந்த மெயிலை அனுப்பியிருப்பார்கள். பென்ஷன் வாங்காதவர் அழித்துவிடுவார். மூன்று நாள் முன்பு கொடுத்துவிட்டு வந்த என்னைப் போன்றவர் மாட்டிக்கொள்வார். இதற்கு ஃபிஷிங் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். மீன் பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். 1990களிலிருந்தே புழங்கும் சொல். பருவம் பார்த்துத் தூண்டில் போடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வருமான வரி ரீஃபண்ட். மற்ற நாட்களில் கேஒய்சி, பான் இணைப்பு, ரிவார்டு பாயின்ட் காலாவதி.

சரி, அந்த மெயிலில் நான் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து நிதானமாகத் திறந்து பார்த்தபோது தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அனுப்பியவர் முகவரி. போனில் மெயிலைத் திறந்தால் பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரை அனுப்புபவர் தன் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாம். நான் என் மெயிலில் "குடியரசுத் தலைவர் மாளிகை" என்று போட்டுக்கொண்டால் உங்களுக்கு அப்படித்தான் காட்டும். அந்தப் பெயரை ஒரு முறை தொட்டால் பின்னால் இருக்கும் முகவரி தெரியும். எனக்கு வந்ததில் வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கடையின் முகவரி இருந்தது.

இரண்டாவது, பட்டன் எங்கே கூட்டிக்கொண்டு போகிறது என்பது. கம்ப்யூட்டரில் என்றால் கிளிக் செய்யாமல் மவுஸை மட்டும் அதன்மேல் வைத்தால் போகும் முகவரி கீழே தெரியும். போனில் அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம் என்பார்கள். கை தவறினால் திறந்துவிடும், நம் வயதுக்காரர்களுக்கு அது வேண்டாம்.

இணைய முகவரியை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தபால் உறையில் அண்ணா நகர், இரண்டாவது தெரு என்று எழுதியிருந்தால் எந்த ஊர்? சென்னையிலும் அண்ணா நகர் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. கடைசி வரியில் இருப்பதுதான் ஊர். இணைய முகவரியும் அப்படித்தான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் சாய்கோடு வருவதற்கு முன்னால், கடைசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் வங்கியின் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், அதற்கு மதிப்பில்லை.

இதில் நமக்கு ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. இந்திய வங்கிகளுக்கென்று தனியாக "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் இணையதளத்தை அதற்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாரும் அந்த முடிவை வாங்க முடியாது. அதனால் முகவரி "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிய வேண்டும். "பேங்க் டாட் இன் டாட் அப்டேட் டாட் காம்" என்று இருந்தால் அது வேறு ஊர். இடையில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தாலும் வேறு ஊர்தான்.

மூன்றாவது, பயமும் அவசரமும். 24 மணி நேரம், இன்றே கடைசி, கணக்கு முடக்கப்படும், பென்ஷன் நிறுத்தப்படும். நாம் யோசிக்கக்கூடாது, யாரையும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கெடு.

நான்காவது, மெயிலோடு ஒட்டி வரும் ஃபைல். ஸ்டேட்மென்ட் என்றோ படிவம் என்றோ பெயர் இருக்கும். திறந்தால் வங்கியின் லாகின் பக்கம் போல ஒன்று வரும். அது "ஏபிகே" என்று முடிந்தால் இன்னும் ஆபத்து. அது ஒரு ஆப். போனில் ஏற்றி, கேட்கும் அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டால் நமக்கு வரும் ஓடிபியை அது நேராகப் படித்து வெளியே அனுப்பிவிடும். எந்த வங்கியும் தன் ஆப்பை மெயிலில் அனுப்புவதில்லை.

இனி, எதை நம்பக்கூடாது என்பதையும் சொல்கிறேன். போலி மெயில் என்றால் ஆங்கிலம் தப்பும் தவறுமாக இருக்கும் என்று நாங்களே வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ஏஐ எழுதிக்கொடுக்கிறது. எனக்கு வந்த மெயிலின் ஆங்கிலம் எங்கள் வட்டார அலுவலகச் சுற்றறிக்கையைவிட நன்றாக இருந்தது.

அடுத்தது அந்தப் பூட்டுப் படம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் செய்தியை வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்தத் தளம் யாருடையது என்று பூட்டு சொல்லாது. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடலாம் இல்லையா? அதேபோல மெயிலில் நம் பெயரும் கைபேசி எண்ணும் சரியாக இருப்பதும் அத்தாட்சி ஆகாது. அதெல்லாம் எங்கெங்கோ கசிந்து கிடக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இத்தனையையும் ஒவ்வொரு மெயிலுக்கும் பார்க்கணுமா?" என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஏ பிளாக் மாமி ஒருவர் போன வாரம் லிஃப்டில் இதையேதான் கேட்டார். "எனக்கு டாட்டும் தெரியாது, கோடும் தெரியாது. நான் என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. அடையாளங்கள் எல்லாம் தெரிந்த நான் ஏமாந்தேனே. ஆஸ்பத்திரியில், அவசரத்தில், எரிச்சலில் இருக்கும்போது யாருக்கும் எந்த அடையாளமும் கண்ணில் படாது.

மாமிக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று விரும்புகிறேன். நம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைப் பாருங்கள். ஒருவர் வந்து "சி பிளாக் 304க்கு ஏசி சர்வீஸ்" என்கிறார். கம்பெனிச் சட்டை போட்டிருக்கிறார், கையில் பை இருக்கிறது, ஐடி கார்டும் தொங்குகிறது. செக்யூரிட்டி என்ன செய்கிறார்? சட்டை அசலா போலியா என்று ஆராய்கிறாரா? வந்தவர் "இந்த நம்பருக்குப் போன் பண்ணிக் கேளுங்க" என்று தரும் எண்ணைக் கூப்பிடுகிறாரா? இல்லை. தன் மேஜையில் இருக்கும் இன்டர்காமை எடுத்து 304ஐக் கேட்கிறார். வந்தவர் உண்மையானவர் என்றால் இரண்டு நிமிடம் தாமதம். பொய்யானவர் என்றால் அவர் வேலை அங்கேயே முடிந்தது.

மெயிலுக்கும் அதுதான் வழி. அது உண்மையா போலியா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. மெயிலில் இருக்கும் பட்டன், ஃபைல், கஸ்டமர் கேர் எண் எதையும் தொடாமல் அதை மூடிவிடுங்கள். பிறகு உங்கள் இன்டர்காமை எடுங்கள். போனில் ஏற்கெனவே இருக்கும் வங்கியின் ஆப், நீங்களே தட்டச்சு செய்து வைத்திருக்கும் இணைய முகவரி, டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண், இல்லையென்றால் நேராகக் கிளை. இந்த நான்கில் ஏதாவது ஒன்று. கூகுளில் தேடி வரும் கஸ்டமர் கேர் எண் இந்தப் பட்டியலில் சேராது, அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைக்கிறார்கள்.

"உண்மையாகவே வங்கி அனுப்பியிருந்தால்?" என்று கேட்பீர்கள். அனுப்பும். கேஒய்சியை வாடிக்கையாளரின் வகையைப் பொறுத்து 2, 8 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் கேஒய்சி பற்றிய நிஜ மெயிலும் வரத்தான் செய்யும். அப்போதும் ஆப்பைத் திறந்தோ கிளையைக் கேட்டோ பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது. நீங்கள் எந்த வழியில் வந்து செய்தாலும் வங்கிக்கு வேலை ஆனால் சரி. அந்தக் குறிப்பிட்ட பட்டன் வழியாகத்தான் நீங்கள் வர வேண்டும் என்ற கட்டாயம் திருடனுக்கு மட்டும்தான்.

அதனால் வந்த வழியில் போகாதீர்கள், உங்கள் வழியில் போங்கள். இவ்வளவுதான் என் உரை. மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை.

கூடவே எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஓடிபி வந்தால் எண்ணைப் போடுவதற்கு முன் எஸ்எம்எஸ்ஸைத் திறந்து, எண்ணைத் தவிர மற்ற வரிகளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதற்காக, எவ்வளவு தொகை என்று அதிலேயே எழுதியிருக்கும். நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். தனியாக இருப்பவர்கள் தனக்குத்தானே படித்துக்கொள்ளலாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் அன்று என்னுடைய இரண்டாவது 49,500ஐக் காப்பாற்றியது அதுதான்.

நெட் பேங்கிங்கில் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற உச்சவரம்பை நீங்களே குறைத்துக்கொள்ளலாம். தேவைப்படும் அன்று கூட்டிக்கொண்டால் போதும். கார்டில் ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆப்பிலேயே நிறுத்தி வைக்கலாம். பென்ஷன் வரும் கணக்கை நெட் பேங்கிங் இல்லாமல் வைத்துக்கொண்டு, அன்றாடச் செலவுக்குக் கொஞ்சம் பணத்தை வேறு கணக்கில் வைத்துக்கொள்வதும் நல்லது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இனி நான் செய்த இரண்டாவது தவறு. முதல் தவறைவிடப் பெரியது. பணம் போனது தெரிந்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்தே 1930க்குப் போன் செய்திருக்க வேண்டும். இந்தியா முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் அது. அவர்கள் விவரத்தைப் பதிந்ததும் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் எந்தக் கணக்கில் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்க முடியும். திருட்டுப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நான் போன் செய்யவில்லை. பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் "யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். காரணம் வெட்கம். முப்பத்து நாலு வருட சர்வீஸில், கவுண்டருக்கு முன்னால் நின்று கண் கலங்கியவர்களிடம் "ஏன் சார் ஓடிபியைக் கொடுத்தீங்க? படிச்சவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டவன் நான். அந்தக் கேள்வியை இன்னொருவர் என்னிடம் கேட்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தபோது, மனைவி அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். மகள் திட்டவில்லை. "அப்பா, முதல்ல 1930க்குப் போடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு கணக்கில் மிச்சமிருந்த 11,200 ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். நடைமுறையெல்லாம் முடிந்து பல வாரம் கழித்து அது திரும்பி வந்தது. மீதி வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியமே பேசியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கணக்கை இன்றும் மனம் போட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படி நடந்துவிட்டால் செய்ய வேண்டியது இது. முதலில் 1930. கணக்கு எண், தொகை, நேரம், எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கார்டின் பின்னால் இருக்கும் எண்ணில் வங்கியைக் கூப்பிட்டு நெட் பேங்கிங்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, "சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன்" என்ற அரசுத் தளத்தில் புகாரை முழுமையாகப் பதியுங்கள். மெயிலையும் எஸ்எம்எஸ்களையும் அழிக்காதீர்கள், அவைதான் ஆதாரம்.

விதி என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாரால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆகும் நஷ்டம் முழுக்க நம்முடையது. தெரிவித்த பிறகு ஆகும் நஷ்டம் வங்கியுடையது. என் விஷயம் இரண்டாவது வகை. அதனால் நான் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. உங்களுக்கு நியாயம் இருந்தும் வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு 14448 என்ற எண் இருக்கிறது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்டுக்குப் பக்கத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆம்புலன்ஸ் எண்களை ஒட்டி வைத்திருக்கிறோம். அதில் 1930ஐயும் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாராவது இப்படி ஏமாந்ததாகச் சொன்னால் "ஏன் கொடுத்தீங்க?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நான் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி அது, இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. "எப்போ நடந்தது? 1930க்குப் போட்டாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் இன்டர்காமில் என்னைக் கூப்பிடலாம். நான் ஏமாந்ததுதான் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, என்னிடம் சொல்ல உங்களுக்கு வெட்கம் வேண்டாம்.

காபி வந்துவிட்டது.